ஓர் எஞ்சினுக்கு இரண்டு நம்பர்

ஊர்காவற்றுறை,
26.09.2004

அன்பு மருமகன் றொபேட்டுக்கு,

மாமா சில்வெஸ்ரர் எழுதுவது. மாதாவின் இரக்கத்தால் நானும் உம்முடைய மாமியும் சுகம். நீரும் மகள் அன்ரனிட்டாவும், இன்னும் பிறவாத எங்கள் பேரப்பிள்ளையும் அப்படியே இருக்க மன்றாடுகிறோம். சுகம் என்று எழுதியது கடித மரியாதைக்காக. உடம்பு சுகம்தான், குளிசை விழுங்குகிறபடியால் இரத்தத்தில் சீனியும் கூடவில்லை. மனம்தான் சுகமில்லை, அதற்குக் காரணம் நீர். நீர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்று எனக்குத் தெரியும், மாமியும் நாளுக்கு நாலுதரம் அதைச் சொல்கிறார். ஆனாலும் முப்பத்தொரு வருசம் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து, ஒரு வண்டியையும் தடம்புரள விடாமல் பென்சன் எடுத்த மனிசனை, ஒரு சாண் நீள விளையாட்டு ரெயில் எஞ்சினை அனுப்பி நடுவீட்டில் முழங்காலில் நிற்க வைத்துவிட்டீரே.

முதலில் இருந்து சொல்கிறேன், அப்போதுதான் யார் பக்கம் பிழை என்று உமக்கே விளங்கும். மகளின் பேறுகாலத்துக்கு எங்கள் இருவரையும் ஜேர்மனிக்கு வரச்சொல்லி ஜூன் மாதம் எழுதினீர். நான் வரமாட்டேன் என்று பதினொரு காரணம் காட்டி, நம்பர் போட்டுப் பதில் எழுதினேன். குளிர், பென்சன், கோழிகள், உங்கள் ஊர்க் கக்கூசில் தண்ணீர் இல்லாதது என்று போய், பதினோராவதாக ‘எனக்கு விருப்பமில்லை’ என்றும் எழுதினேன். நீர் அதை மதித்து மாமிக்கு மட்டும் ஸ்பொன்சர் பேப்பர் அனுப்பினீர். இந்த மாதம் விசாவும் வந்துவிட்டது. நவம்பர் மூன்றாம் திகதி விமானம், மூன்று மாதம் அங்கே நிற்கப்போகிறார். நான் வேலை பார்த்த ஒவ்வொரு ஸ்ரேசன் குவாட்டசிலும் என்னோடு இருந்த மனுசி. இடம்பெயர்ந்து அலைந்த காலத்திலும் ஒரே பாயில்தான் படுத்தோம். இப்போது, மாமா தனிய இருந்து யோசிக்கக்கூடாது என்று நீர் உம்முடைய சித்தப்பா மகன் றொமேஷ் மடுத் திருநாளுக்கு வந்தபோது அவன் கையில் இந்த எஞ்சினைக் கொடுத்து அனுப்பினீர். உம்முடைய கையாலேயே எங்கள் நாட்டு எஞ்சின் நிறம் பூசியிருந்தீர். பெட்டியைத் திறந்தபோது கண் கலங்கிற்று, அதை மறைக்க மாட்டேன். அந்தக் கண் அதற்குப் பிறகு இன்னும் காயவில்லை, காரணம் மட்டும் மாறிவிட்டது.

எஞ்சினோடு தண்டவாளமும், கட்டளை கொடுக்கிற பெரிய பெட்டி ஒன்றும், கையில் பிடித்து ஓட்டுகிற சிறு பெட்டி இரண்டும், உம்முடைய கையெழுத்தில் விளக்கக் கடிதமும் வந்தன. சாப்பாட்டு மேசை, தையல் மெசின், அலுமாரி, மாதா சுரூபம் வைத்த முக்காலி எல்லாவற்றையும் சுற்றிச் சீமேந்து நிலத்தில் தண்டவாளத்தைப் பூட்டினேன். எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு இன்னும் கரண்ட் இல்லாதபடியால் பக்கத்துக் கிராமம் சரவணையில் இருக்கிற ஐயாத்துரை தன்னுடைய ஜெனரேற்றரைச் சயிக்கிளில் கட்டிக்கொண்டு வந்து தந்தான். எஞ்சினுக்குள் இரண்டு டிகோடர் இருக்கிறது, ஒன்று கட்டளையை வாங்கி மோட்டரை ஓட்டும், மற்றது கட்டளையை வாங்கிக் கொம்பும் இரைச்சலும் போடும், இரண்டுக்கும் நம்பர் மூன்று என்று எழுதியிருந்தீர். வாசித்த உடனேயே எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு ஆட்களுக்கு ஒரே நம்பரைக் கொடுத்து ஒருதரம் கூப்பிட்டால் இரண்டு பேரும் எழும்பி வருவார்கள். ஆனால் நீர் படித்த பிள்ளை என்று பேசாமல் இருந்தேன். இன்னொன்றும் சொல்லவேண்டும். உம்முடைய கடிதம் மூன்றாம் பக்கத்தில் ‘இனித்தான் மிக முக்கியமான விசயம், மாமா’ என்று முடிகிறது. நாலாம் பக்கத்தை வைக்க மறந்துபோனீர். இப்படி அரைவாசிச் செய்தி அனுப்புகிறவரை ரெயில்வேயில் ஒருநாள் வைத்திருக்க மாட்டார்கள்.

ஓட்டுவதற்கு முன்னமே சனியன் தொடங்கிற்று. மாமி கடற்காரர் வீட்டுப் பிள்ளை என்பது உமக்குத் தெரியும். அவருடைய தகப்பன் வீட்டில் பங்குச் சாமி வந்து தீர்த்தம் தெளிக்காமல் எந்த எஞ்சினும் ஸ்ராட் பண்ணியதில்லை. “இது விளையாட்டுச் சாமானப்பா” என்றேன். “கடலில ஓடினா என்ன, கதிரைக்குக் கீழ ஓடினா என்ன, எஞ்சின் எஞ்சின்தான். மந்திரியாமல் ஓட்டி ஏதும் நடந்தா என்னைக் கேக்கக்கூடாது” என்றார். ஞாயிறு பூசை முடிந்து பங்குச் சாமி வந்தார். பாவம், அவர் இந்தத் தீவில் இதுவரை மந்திரித்ததெல்லாம் வள்ள எஞ்சின்கள். கடலில் நனையப்போகிற பொருளுக்குத் தெளிக்கிற அளவிலேயே இதற்கும் தெளித்தார். நான் “சாமி, காணும், போதும்” என்று சொல்ல வாயெடுக்க, மாமி என் சேட்டைப் பிடித்து இழுத்தார். கடைசியில் எஞ்சினைக் கவிழ்த்துப் பிடித்தேன், தண்ணீர் வடிந்தது.

மூடியின் நாலு ஆணியையும் கழற்றி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்தேன். காய வைத்தது சுளகில். சுளகில் ஏற்கெனவே கருவாடு இருந்தது. அதை எடுத்துவிட்டு வைக்கும்படி மாமியிடம் சொன்னேன், அவர் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு வைத்தார். இன்றுவரை எஞ்சின் ஓடிச் சூடாகும்போது சூடைக் கருவாடு மணக்கும், பூனையும் எங்கிருந்தாலும் வந்துவிடும். அது பெரிய விசயமில்லை. எது மோட்டர் டிகோடர், எது சத்த டிகோடர் என்று நீர் வெள்ளை ரேப் ஒட்டி மையால் எழுதியிருந்தீரல்லவா, அந்த மை தீர்த்தத்தில் கரைந்துபோயிற்று. இரண்டும் இப்போது நீலக் கறை பிடித்த வெள்ளை ரேப் சுற்றிய இரண்டு தகடுகள். இரட்டைப் பிள்ளைகளைக் கூடத் தாய் அடையாளம் காண்பாள். இதை எந்தத் தாய் காண்பது?

சரி, பூட்டினேன், ஓட்டினேன். எஞ்சின் அழகாக ஓடிற்று. கொம்பும் அடித்தது. அந்தக் கொம்பு, தம்பி, எங்கள் வீட்டுக்கு அளவான கொம்பில்லை. பக்கத்து வீட்டு இராசநாயகம், அதுதான் அந்த ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார், அறுத்துக்கொண்டு ஓடிய தன்னுடைய மாட்டைத் தேடிக்கொண்டு ஒழுங்கையால் போனார். மாமி “சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோவன்” என்றார். அந்த ஒரு சொல்தான் என்னை அழித்தது. ஒவ்வொரு டிகோடருக்குள்ளும் அலுமாரியில் இருக்கிற இழுப்பறைகள்போல இலாச்சி இலாச்சியாக இருக்கிறது, ஒவ்வொரு இலாச்சிக்கும் ஓர் இலக்கம், அதற்குள் ஓர் எண்ணை எழுதி வைத்தால் அதன்படி நடக்கும் என்று எழுதியிருந்தீர். சத்தத்துக்கு அறுபத்துமூன்றாம் இலாச்சி. அதில் குறைந்த எண்ணை எழுதினேன். சத்தம் குறைந்தது. எஞ்சினும் நத்தை மாதிரி ஊரத் தொடங்கிற்று. ஏனென்றால் நம்பர் மூன்று என்று கூப்பிட்டதும் இரண்டு டிகோடரும் வந்து, இரண்டும் தங்கள் அறுபத்துமூன்றாம் இலாச்சியில் அதை எழுதிக்கொண்டுவிட்டன. மோட்டர்க்காரனிடம் அந்த இலாச்சி வேறு ஏதோ வேலைக்கு இருந்திருக்கிறது. சரி, ஓட்டத்தைக் கூட்டுவோம் என்று இன்னோர் இலாச்சியைத் திறந்தேன். ஓட்டம் கூடிற்று, நிற்கிற எஞ்சினில் பிரேக் கிறீச்சிடத் தொடங்கிற்று. பிரேக்கை நிற்பாட்டப் போனேன், விளக்கு அணைந்தது. விளக்கைக் கொழுத்தப் போனேன், எஞ்சின் பின்னுக்கு ஓடிற்று. இப்படி மூன்று பின்னேரம். கடைசியில் எல்லாவற்றையும் பிறந்த நிலைக்குக் கொண்டுவர எட்டாம் இலாச்சியில் எட்டு எழுதலாம் என்று இரண்டாம் பக்கத்தில் கண்டு, எழுதினேன். பிறந்த நிலைக்குத்தான் வந்தது. நீர் அங்கே பார்த்துப் பார்த்து வைத்த ஒழுங்கெல்லாம் அழிந்து, அவிழ்த்துவிட்ட கன்றுபோல ஒரு பாய்ச்சல் பாய்ந்து, தண்டவாளத்தை விட்டு அலுமாரிக்குக் கீழே போய்க் கிடந்து கொம்படித்தது. முப்பத்தொரு வருசத்தில் நடக்காத தடம்புரள்வு என் சொந்த வீட்டில் நடந்தது. நான் கதிரையில் இருந்து அழாத குறை.

அன்றைக்குத்தான் கொமினிகேசன் கடைக்குப் போய் உமக்கு ரெலிபோன் எடுத்தேன். “மாமா, ரெண்டும் ஒரு நம்பரில இருக்கேக்க எழுதினா ரெண்டிலயும்தான் எழுதுப்படும். ஒண்டைக் கழட்டி வைச்சிட்டு மற்றதுக்கு நாலாம் நம்பரைக் குடுங்கோ. பிறகு அததின்ர நம்பரில கூப்பிட்டு அதை அதைச் செற் பண்ணுங்கோ. எல்லாம் முடிஞ்ச பிறகு...” என்றீர். லைன் அறுந்தது. எல்லாம் முடிந்த பிறகு என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லாம் முடிந்தது என்பது மட்டும் தெரியும்.

எதைக் கழற்றுவது? ரேப்பில் மை இல்லை. நான் ஒன்றைக் கழற்றினேன், மற்றதுக்கு நாலு என்று எழுதச் சொன்னேன். மோட்டர் டிகோடர் கட்டளையைக் கேட்டால் எஞ்சின் ஒருதரம் துடிக்கும், அந்தத் துடிப்புத்தான் அதனுடைய ‘ஓம்’, பெட்டி அதைப் பார்த்துச் சரி என்று காட்டும் என்று எழுதியிருந்தீர். துடிப்பே இல்லை. பெட்டி பிழை, பிழை என்று காட்டிற்று. பதினெட்டுத் தரம் எழுதினேன். தீர்த்தம் ஒரு டிகோடரைக் கொன்றுவிட்டது என்று முடிவு கட்டி, அதை மாமிக்கு முன்னால் சொல்லியும் விட்டேன். “சாமி தெளிச்ச தண்ணியில செத்த சாமான் உலகத்தில இல்லை” என்று சொல்லிவிட்டு, அவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கழற்றினதை நான் திரும்பப் பூட்டி வைத்திருந்தேன். நான் கிணற்றடியில் நிற்கிறேன், வீட்டுக்குள் கொம்பு கேட்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் மாமி கைப்பெட்டியில் நாலை அமத்திக்கொண்டு நிற்கிறார். “இது எல்லாம் கேட்டுத்தான் இருக்கு. உங்களுக்குப் பதில் சொல்லேல்லை, அவ்வளவுதான்” என்றார். சத்தக்காரனுக்கு மோட்டர் இல்லாதபடியால் துடிக்க ஏலாது, ஆனபடியால் ஓம் சொல்லவும் ஏலாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அந்த நாளில் இருந்து மூன்றாம் நம்பர் மோட்டர், நாலாம் நம்பர் சத்தம். இரண்டையும் தனித்தனியே கூப்பிட்டு நீர் சொன்ன மாதிரி ஒழுங்குபண்ணினேன், கொம்பு இப்போது வீட்டு அளவுக்கு இருக்கிறது. ஆனால் மூன்றைக் கூப்பிட்டால் எஞ்சின் ஊமையாக ஓடுகிறது. நாலைக் கூப்பிட்டால் நின்ற இடத்தில் நின்று கத்துகிறது. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டுமென்றால் இரண்டு கைப்பெட்டி வேண்டும், இரண்டு ஆளும் வேண்டும். ஆகவே நான் மூன்றைப் பிடித்தேன், மாமி நாலைப் பிடித்தார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு வண்டி வெளிக்கிடும்.

உமக்கு உண்மையைச் சொல்லவேண்டும், மாமி ரெயில்வே ஒழுங்குக்கு அடங்குகிற ஆளில்லை. மணி அடிக்காமல் வண்டி வெளிக்கிடக்கூடாது என்றால், “மணி அடிக்கிறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிப்போம்” என்று எனக்கு முன்னமே கொம்படித்துவிடுவார். நான் வேகத்தைக் கூட்டினால் அவர் இரைச்சலைக் குறைப்பார். வயர் நீளமானபடியால் கைப்பெட்டியோடு குசினிக்குள் போய், குழம்பை இறக்கிக்கொண்டே பிரேக்கை அமத்துவார். இங்கே முழு வேகத்தில் ஓடுகிற எஞ்சின் கிறீச்சென்று கத்தும், பூனை கூரைக்குப் பாயும். “எங்கயப்பா நிக்குது உங்கட கோச்சி?” என்று குசினிக்குள் இருந்து கேட்பார். “தையல் மெசினடியில” என்பேன். அதற்கேற்ற சத்தம் வரும். மாதா சுரூபத்தடிக்கு வரும்போது மட்டும், எங்கே நின்றாலும் ஓடிவந்து இரைச்சலைத் தணித்துப்போட்டு ஒரு சின்னக் கொம்பு அடிப்பார். எந்த ஒழுங்குப் புத்தகத்திலும் அப்படி இல்லை. இராசநாயகம் ஒருநாள் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, “மாஸ்ரர் ஓட்டுறார், அக்கா கத்துறா. இதுக்கேன் ஜேர்மனியில இருந்து சாமான்? என்ர வீட்டில இது சும்மாவே நடக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது என் கஷ்டம் விளங்குகிறதா? மூன்றாம் திகதி மாமி போய்விடுவார். நாலாம் நம்பரை யார் பிடிப்பது? போன வியாழக்கிழமை அவர் யாழ்ப்பாணம் போன நேரம், தனியாக ஓட்டிப் பார்த்தேன். வலது கையில் மூன்று, இடது கையில் நாலு. கொம்பு அடிக்க வேண்டிய இடத்தில் வேகத்தைக் கூட்டினேன், வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் கொம்படித்தேன். மாதா சுரூபத்தடியில் வண்டி புரண்டு, அதைப் பூனை தூக்கிக்கொண்டு போக, வேலிக்கரையில் வைத்துப் பறித்தேன். எஞ்சினில் பல்லுக் காயம் இருக்கிறது. வந்து பார்த்த மாமி அந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு எஞ்சினைப் பெட்டியில் வைத்தார். “நீர் போனால் இதை யார் கத்தப்பண்ணுறது?” என்று கேட்டேன். “றொபேட்டைக் கேளுங்கோ, அவன்தானே அனுப்பினவன்” என்றார்.

ஆகவே கேட்கிறேன். ஒரு மனிசன், தன்னந்தனியே, ஒரு கைப்பெட்டியோடு, சத்தத்தையும் ஓட்டத்தையும் சேர்த்து நடத்துவதற்கு வழி இருந்தால் உடனே எழுதும். அந்த நாலாம் பக்கத்தை இன்னொருதரம் எழுதி அனுப்பும். வழி இல்லையென்றால் எஞ்சினை மாமியின் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புவேன், ஊமை எஞ்சினைப் பார்த்துக்கொண்டு மூன்று மாதம் இந்த வீட்டில் இருக்க என்னால் ஏலாது. இதை வாசித்துவிட்டு, மாமா வர ஆசைப்படுகிறார் என்று நீரோ மகளோ நினைத்துவிடக்கூடாது. என் பதினொரு காரணமும் அப்படியே இருக்கிறது. அதில் ஒன்றும் குறையவில்லை.

மகளுக்கு என் முத்தம், வயிற்றில் இருக்கிற ஆளுக்குச் சிலுவை போட்டு ஆசீர்வாதம், உமக்கு இந்தக் கடிதத்தில் உள்ள ஏச்சுப் போக மிஞ்சுகிற அன்பு முழுவதும்.

மனமுடைந்த மாமா,
சில்வெஸ்ரர்

பி.கு.: திங்கட்கிழமை. நேற்றுத் தபால் கந்தோர் பூட்டு. இன்று காலை மாமி சந்தைக்குப் போனபிறகு, முத்திரை தேடி அவருடைய விசாப் பேப்பர் வைத்திருக்கிற கைப்பையைத் திறந்தேன். உம்முடைய நாலாம் பக்கம் உள்ளே இருந்தது. நீர் மறக்கவில்லை, மன்னித்துக்கொள்ளும். பின்பக்கம் வெறுமையாக இருந்தபடியால் மாமி அதில் ஜேர்மனிக்குக் கொண்டுபோகும் சாமான்களின் பட்டியல் எழுதியிருந்தார்.

முன்பக்கத்தை வாசித்தேன். ‘தனித்தனியே ஒழுங்குபண்ணிய பிறகு, இரண்டுக்கும் திரும்ப மூன்றாம் நம்பரையே கொடுத்துவிடுங்கள், மாமா. பிறகு ஒரு ஆள் காணும்’ என்று இருந்தது. ஐயாத்துரையின் ஜெனரேற்றரைக் கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணி, சொன்னபடியே செய்தேன். அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. ஒரு கைப்பெட்டி, ஒரு ஆள், ஓட்டமும் சத்தமும் ஒன்றாக வந்தன. பிழையே இல்லை, மருமகன். இரண்டு சுற்று ஓட்டினேன். அமத்தின இடத்தில் கொம்பு அடித்தது. மாதா சுரூபத்தடியிலும் அதே இரைச்சலோடு போயிற்று. எங்கே நிக்குது கோச்சி என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாம் சுற்று ஓட்ட மனம் வரவில்லை.

ஆணியைக் கழற்றி, சத்தத்துக்குத் திரும்ப நாலைக் கொடுத்துவிட்டேன். மாமிக்கு இது தெரியத் தேவையில்லை.

அதன்பிறகுதான் பின்பக்கத்தை வாசித்தேன். மிளகாய்த்தூள், ஒடியல்மா, பிள்ளைக்குப் பஞ்சுத்துணி. அதற்குக் கீழே, என் பதினொரு காரணமும் தெரிந்த மனுசி எழுதியிருக்கிறார்: ‘அவருடைய சீனிக் குளிசை, மூன்று மாதத்துக்கு. அவருக்குக் குளிர்த் தொப்பி, இரண்டு.’ பிறகு கோடு கீறி வெட்டவும் இல்லை.

கோழிகளை இராசநாயகம் பார்ப்பார். பென்சனுக்கு ஒரு கடிதம் எழுதலாம். மற்ற ஒன்பது காரணத்தையும் நீர் கிழித்துப்போடும். ஸ்பொன்சர் பேப்பரில் என் பெயரையும் எழுதி உடனே அனுப்பும். மூன்றாம் திகதிக்குள் விசா கிடைக்காவிட்டால் மாமி முன்னால் வரட்டும், நான் பின்னால் வருகிற வண்டியில் வருகிறேன். எஞ்சினும் இரண்டு கைப்பெட்டியும் என்னோடு வரும். தொப்பி மட்டும் ஒன்று போதும் என்று மகளை விட்டு மாமிக்குச் சொல்லும். எனக்குத் தலை ஒன்றுதான்.